‘டவுட்’ என்ற சொல்லும் ஸ்டோர் பாண்டியம்மாவும்

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு மில்லில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். பர்சனல் ஆபீசுக்குப் புதிதாக இரண்டு பெண்களை எடுத்திருக்கிறார்களாம். தமிழில் எழுதிப் போட்டால் அந்த நொடியே ஆங்கிலமாக்கித் தரும் ஒரு மென்பொருளையும் வாங்கியிருக்கிறார்களாம்.

“மேடம், அந்தப் பாண்டியம்மாக்கா விஷயத்த ஒருதடவ எழுதிக் குடுங்க. நான் சொன்னா இந்தப் பிள்ளைக சிரிக்குதுக. ஒத்த வார்த்தைக்கு இம்புட்டு நடக்குமான்னு கேக்குதுக,” என்றாள்.

“எழுதினா உன் பேரும் வருமே?”

“வரட்டும் மேடம். மாத்தாமப் போடுங்க.”

அதனால் எழுதுகிறேன். பெருமையாகத்தான் எழுதப் போகிறேன். இந்த விஷயத்தில் அடக்கமாக இருக்கச் சொன்னால் எனக்கு வராது.

நான் திண்டுக்கல்காரி. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தேன். டைப்ரைட்டிங், சுருக்கெழுத்துப் பரீட்சைகள் முடிந்த கையோடு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். காலையில் மில் பஸ், சாயங்காலம் மில் பஸ். நடுவில் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், டைப்ரைட்டர் போய்க் கணினி வந்தது, முதலாளிகள் மாறினார்கள். என் மேசை மட்டும் அதே ஜன்னலோரத்தில் இருந்தது. டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள் மொழிபெயர்ப்பாளராக ஓய்வு பெற்றேன். அந்த மில்லில் அப்படி ஒரு பதவி அதற்கு முன்பு கிடையாது.

பள்ளிக்கூடம் எனக்கு இலக்கணம் கொடுத்தது. ஒரு சொல்லை எடுத்துப் புழங்கச் செய்தவர் கரீம் சார்.

கரீம் சார் எங்கள் பர்சனல் ஆபீசர். பேகம்பூர்க்காரர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நான் டைப் செய்து கொண்டுபோகும் தாளை உட்கார்ந்துகொண்டு படிக்க மாட்டார். எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசையப் படிப்பார். உட்கார்ந்து படித்தால் கண் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும் என்பார். திடீரென்று ஒரு சொல்லில் நிற்பார். தாளைக் கவிழ்த்து மேசையில் வைப்பார்.

“ஏம்மா ஜெசிந்தா, இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அர்த்தம் அகராதிலயும்தான் இருக்கு. வீட்டுல புழங்குற மாதிரி சொல்லு பாப்போம்.”

மூன்று வாக்கியங்கள் சொல்ல வேண்டும். அடுப்படியில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று, சண்டையில் ஒன்று. முதல் இரண்டையும் எப்படியாவது சொல்லிவிடுவேன். மூன்றாவதில் மாட்டிக்கொள்வேன். சண்டை எதற்கு சார் என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“அடுப்படியிலயும் பஸ்லயும் எல்லா வார்த்தையும் நல்ல பிள்ளையாத்தான்மா இருக்கும். சண்டையில இறக்கிப் பாரு. அப்பத்தான் அது யார் பக்கம் நிக்குதுன்னு தெரியும்,” என்றார்.

இது ஏதோ கிழவனாரின் விளையாட்டு என்று ஆரம்பத்தில் நினைத்தேன். ஒருநாள் நூல் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் டைப் செய்ய வந்தது. திருப்பூருக்குப் போன லோடில் சில மூட்டைகள் மழையில் நனைந்துவிட்டன. நனைந்த மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல நினைத்த பிரிவுத் தலைவர், ‘டேமேஜஸை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கரீம் சார் ஜன்னலோரம் நின்று படித்தார், தாளைக் கவிழ்த்தார், என்னைப் பார்த்தார்.

“குக்கர் கீழ விழுந்துச்சு, டேமேஜ் ஒண்ணும் இல்ல. பஸ்ஸுக்கு முன்பக்கம் டேமேஜ்,” என்றேன். சண்டைக்கு யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரன் நம் சுவரை இடித்துவிட்டான், கோர்ட்டுக்குப் போகிறோம், அங்கே என்ன கேட்போம்? “சார்! கடைசில ஒரு எஸ் சேந்தா அது நஷ்டஈடு ஆயிருது சார்!”

கரீம் சார் சிரித்தார். “அந்த ஒத்த எழுத்து மட்டும் திருப்பூருக்குப் போயிருந்தா முதலாளி நம்ம ரெண்டு பேரையும் லாரியிலயே ஏத்தி விட்டுருப்பாரு. திருத்தி அடிச்சுக் கொண்டா.”

அன்றைக்குப் பிறகு அவர் கேட்காவிட்டாலும் நானே மனசுக்குள் மூன்று வாக்கியம் சொல்லிப் பார்ப்பேன். அவர் ஓய்வு பெற்றுப் போனபோது மேசையில் எனக்கென்று ஒன்றும் விட்டுவிட்டுப் போகவில்லை. அந்தப் பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

மில் கைமாறிய பிறகு ஜெனரல் மேனேஜராக பானர்ஜி சார் வந்தார். கொல்கத்தாக்காரர். தமிழ் தெரியாது. அவரும் நானும் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். படிப்பவர்களுக்காக இங்கே தமிழில் தருகிறேன்.

அவர் கூட்டிய முதல் கூட்டத்திலேயே ஒரு கூத்து நடந்தது. புது ஷிப்ட் முறையைப் பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். ஓரத்தில் உட்கார்ந்து நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் இளம் சூப்பர்வைசர் பணிவாக எழுந்து, “சார், ஐ ஹேவ் எ டவுட்” என்றார்.

பானர்ஜி சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். “டவுட்டா? நான் சொல்வது உண்மையில்லை என்கிறீர்களா?”

அந்தப் பையனுக்கு வேர்த்துவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். இனிமேல் அந்த மனிதர் முன்னால் யாரும் வாயைத் திறக்கப் போவதில்லை என்று அறையைப் பார்த்தாலே தெரிந்தது. நான் எழுந்தேன்.

“சார், அவர் உங்களை நம்பாமல் பேசவில்லை. ஏதோ கேட்க விரும்புகிறார். எங்கள் பள்ளிக்கூடங்களில் கேள்விக்குப் பெயர்தான் டவுட்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து எந்தக் கூட்டம் முடிந்தாலும் கையை விரித்து, “எனி டவுட்ஸ்?” என்று கேட்பது அவர் வழக்கமாயிற்று. அந்தச் சொல் நம் ஊரில் எப்படிப் புழங்குகிறது என்று தனக்குத் தெரிந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். எனக்கும் அதோடு அந்தச் சொல் தீர்ந்துபோனதாகத்தான் எண்ணம்.

இனி பாண்டியம்மா.

வேடசந்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. அப்பா தக்காளியும் முருங்கையும் போடுகிற சம்சாரி. நூலைச் சுற்றிச் சிட்டம் போடும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, உதிரிப் பாகங்கள் வைத்திருக்கும் ஸ்டோருக்கு வந்தவள். அந்த ஸ்டோரில் வேலை பார்த்த முதல் பெண் அவள்தான். எந்த மெஷினுக்கு எந்த பேரிங் என்று கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பாள். மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர்கள் அவளிடம் கெஞ்சி நிற்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஸ்டோருக்கு இரண்டு சாவி. ஒன்று ஸ்டோர் கீப்பர் வேலுச்சாமி அண்ணனிடம், இன்னொன்று அவளிடம்.

என் தங்கை மகள் கல்யாணத்துக்காக நான் லீவில் இருந்தேன். அந்த நாட்களில் ஸ்டோரிலிருந்து ஒரு பெட்டி பேரிங் காணாமல் போயிருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு. வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் வேலுச்சாமி அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்து, அவர் சொன்னதைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஜி.எம். உடனே ஆங்கிலத்தில் வேண்டும் என்றிருக்கிறார். நிவேதா அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. அவசரத்தில் அந்தத் தமிழை அப்படியே போனில் போட்டு, வந்த ஆங்கிலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. லீவு முடிந்து மில் பஸ்ஸிலிருந்து இறங்கினால், கேட்டுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிப் பாண்டியம்மா நிற்கிறாள். கையில் சாப்பாட்டுப் பை. எல்லோரும் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்ன பாண்டியம்மா, வெளிய நிக்கிற?”

“உள்ள விட மாட்டேங்கிறாகம்மா. ஆபீசுல இருந்து சொன்னாத்தான் விடுவாகளாம். எதோ பெட்டியக் காணோமாம். நான் எடுக்கலம்மா. எங்கப்பா மேல சத்தியமா எடுக்கல.”

“யாரு உன்னைச் சொன்னது?”

“அதத்தான் நானும் கேக்கேன். யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாக.”

பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். என் மேசையில் வேலை காத்துக்கொண்டிருந்தது. பாண்டியம்மாவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யும் உத்தரவு. போலீசுக்குக் கொடுக்க ஒரு புகார். இரண்டையும் டைப் செய்து ஜி.எம். கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். ஆதாரமாகப் பின்னால் வேலுச்சாமி அண்ணனின் வாக்குமூலம், ஆங்கிலத்தில். அதில் ஒரு வாக்கியத்தின் கீழே ஜி.எம். சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

‘ஐ ஹேவ் நோ டவுட் தட் பாண்டியம்மாள் டுக் த பாக்ஸ்.’

பெட்டியைப் பாண்டியம்மாள்தான் எடுத்தாள், அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை என்று அதற்கு அர்த்தம். கூடவே வேலை பார்க்கும் மேலாள் இப்படிச் சொன்ன பிறகு எந்த மேனேஜர்தான் யோசிப்பார்?

ஆனால் எனக்கு இடித்தது. வேலுச்சாமி அண்ணன் தாடிக்கொம்பில் எங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர். வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். மழை வருமா என்று கேட்டால்கூட ‘வந்தாலும் வரும்’ என்பார். அவ்வளவு நிச்சயமாக அவர் எதையும் சொல்லிக் கேட்டதில்லை.

“நிவேதா, தமிழ்ல எழுதினது எங்க?”

எடுத்துக் கொடுத்தாள். ‘பாண்டியம்மாள் பெட்டியை எடுத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம் இல்லை.’

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் அது சொல்லுக்குச் சொல் சரிதான். எடுத்திருப்பார் ‘என்பதில்’ சந்தேகம் இல்லை என்று எழுதியிருந்தால், நானும் ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் இங்கே இருந்தது ‘என்று’. வேலுச்சாமி அண்ணன் வாயால் இதை எப்படிச் சொல்லியிருப்பார்? ‘பாண்டியம்மா எடுத்திருக்கும்னு எனக்குச் சந்தேகமெல்லாம் இல்லீங்க.’ அந்த ‘எல்லாம்’ இருந்தால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும், அவள் மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது என்கிறார் என்று. எழுதியவர் நல்ல தமிழில் எழுதுவதாக நினைத்து அந்த ‘எல்லாம்’ என்பதை விட்டுவிட்டார். மிச்சத்தை போன் பார்த்துக்கொண்டது. எடுக்க மாட்டாள் என்று ஒருவர் சொன்னது, எடுத்தது அவளேதான் என்று ஆகிவிட்டது.

நிவேதாவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. “என்னால அவங்க வேலை போயிருச்சா மேடம்?”

“இன்னும் போகல. நீ கேட்டுக்குப் போய் அவ கூட நில்லு. செத்த நேரம் பொறுக்கச் சொல்லு. வீட்டுக்குப் போயிறக் கூடாது.”

தமிழ், ஆங்கிலம் இரண்டு வாக்குமூலத் தாள்களையும் எடுத்துக்கொண்டு ஜி.எம். அறைக்குப் போனேன். உத்தரவையும் புகாரையும் டைப் செய்யவில்லை.

“ரெடியா மேடம்?”

“இல்லை சார். இதில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்ல வந்தேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. ஆனால் அவசரத்தில் இருந்தார். கோயம்புத்தூர் தலைமை அலுவலகம் காலையிலிருந்து போன் செய்துகொண்டிருந்தது. தமிழ்த் தாளிலிருந்த ‘சந்தேகம் இல்லை’யைப் படித்துக் காட்டி, ஆங்கிலம் தப்பு என்றேன்.

“தமிழில் சந்தேகம் என்றால் டவுட்தானே?”

“ஆமாம் சார்.”

“இல்லை என்றால் நோ?”

“ஆமாம் சார்.”

“அப்புறம் என்ன?”

“சொல் சரி சார். சொன்னவர் நினைத்ததுதான் வரவில்லை. அவரைக் கூப்பிட்டு உங்கள் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி கொடுங்கள்.”

வேலுச்சாமி அண்ணன் வந்தார். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டை. வாசலிலேயே நின்றார். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை நான் அவருக்குத் தமிழில் சொன்னேன். “அண்ணே, பாண்டியம்மாதான் எடுத்தது, அதுல எனக்குக் கொஞ்சங்கூடச் சந்தேகமில்லன்னு நீங்க சொன்னதா எழுதியிருக்கு. அப்படியா சொன்னீங்க?”

அவர் ஜி.எம்.மைப் பார்த்தார். மேசையிலிருந்த தாளைப் பார்த்தார். எனக்கு அந்த நிமிஷத்தில்தான் பயம் வந்தது. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு சாவி. அவள் இல்லையென்றால் மிச்சம் இருப்பது அவர்தான். தப்பாக விழுந்த அந்த ஆங்கிலம் அவருக்கு ஒரு குடை மாதிரி.

“எழுதுனது எழுதுனபடியே இருந்துட்டுப் போகட்டும்மா,” என்றார் மெதுவாக. “பெரிய ஆளுக பாத்துக்குவாக.”

“நான் பெரிய ஆளுகளக் கேக்கலண்ணே. உங்களக் கேக்கேன். பாண்டியம்மா எடுத்திருக்கும்னு நினைக்கீங்களா, எடுத்திருக்காதுன்னு நினைக்கீங்களா?”

பானர்ஜி சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். என் வாழ்க்கையில் ஒரு ஜெனரல் மேனேஜரைக் கை காட்டி நிறுத்தியது அன்று ஒருநாள்தான்.

“அண்ணே, அந்தப் பிள்ள கேட்டுக்கு வெளிய நிக்குது. போலீசுக்கு எழுதச் சொல்லியிருக்காக. போலீசு வரைக்கும் போயிட்டா இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த மில்லுலயும் அதுக்கு வேலை கிடையாது. உங்களுக்குத் தெரியும்.”

வேலுச்சாமி அண்ணன் சட்டையின் நுனியைப் பிடித்துக் கசக்கினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“அது எடுத்திருக்காதும்மா. தங்கமான பிள்ள. அன்னைக்கும் அதத்தான் சொன்னேன். சந்தேகமெல்லாம் இல்லன்னு. அவுக எழுதிக்கிட்டாக, நான் கையெழுத்துப் போட்டேன். இப்ப அது இல்லைன்னா என்னையத்தானே கேப்பாக? எனக்கும் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதும்மா.”

நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பயந்ததையும் சேர்த்தே சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவள் நல்லதை மட்டும் பொறுக்கிக் கொடுக்கக் கூடாது.

பானர்ஜி சார் நாற்காலியில் சாய்ந்தார். “பயந்த மனிதர் முதலில் ஒன்று சொன்னார், இப்போது ஒன்று சொல்கிறார். எதை நான் நம்புவது மேடம்? ‘டவுட்’ என்றால் உங்கள் ஊரில் கேள்வி என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். இப்போது வேறொன்று சொல்கிறீர்கள்.”

நியாயமான கேள்வி. விளக்கம் கொடுத்தால் இலக்கண வகுப்பு மாதிரி ஆகிவிடும், அவருக்கு நேரமும் இல்லை. அப்போது என் வாயில் தானாக வந்தது வீட்டு வாக்கியங்கள்தான்.

“சார், பால்காரர் பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று எனக்கு டவுட் என்று ஒரு திண்டுக்கல் பெண் சொன்னால், கலக்கிறார் என்று அவள் நினைக்கிறாள். அதையே ஓர் ஆங்கிலேயப் பெண் சொன்னால், அவர் கலந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறாள். எங்கள் டவுட் ஒருவர் மேல் விழுகிற சந்தேகம். அவர்களுடைய டவுட், அது நடந்திருக்காதோ என்கிற ஐயம்.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். பிடித்துவிட்டார் என்று தெரிந்தது.

“மில் பஸ் இன்றைக்கும் லேட்டாகத்தான் வரும், நோ டவுட் என்று ஆங்கிலத்தில் சொன்னால் கட்டாயம் லேட் என்று அர்த்தம். சரிதானே சார்? இப்போது சண்டைக்கு வாருங்கள். ஒரு மனைவி புருஷனிடம் தமிழில் சொல்கிறாள், ‘நீங்க இன்னொருத்தி வீட்டுக்குப் போவீங்கன்னு எனக்குச் சந்தேகமெல்லாம் இல்ல.’ அவர் சந்தோஷமாகச் சாப்பிட உட்காருவார். அதையே சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் மாற்றி அவர் கையில் கொடுங்கள். ‘நீ இன்னொருத்தி வீட்டுக்குப் போகிறாய், ஐ ஹேவ் நோ டவுட்.’ அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பாடு இருக்குமா சார்?”

பானர்ஜி சார் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான். வேலுச்சாமி அண்ணன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்து, “என்னம்மா, என்னையப் பத்தியா?” என்றார்.

“இல்லண்ணே. எல்லா வீட்டைப் பத்தியும்.”

ஜி.எம். சிவப்புப் பேனாவை எடுத்து, தான் கோடு போட்ட வாக்கியத்தை முழுக்க அடித்தார். “சரியான ஆங்கிலம் என்ன?” நான் சொன்னேன். டவுட்டை எடுத்துவிட்டு, ‘சஸ்பெக்ட்’ என்ற வினையைப் போட்டு, அவளை நான் சந்தேகிக்கவில்லை என்று. அவரே தன் கையால் எழுதினார். பிறகு வேலுச்சாமி அண்ணனைக் காட்டி, “இவரிடம் சொல்லுங்கள். நான் பெட்டியைத்தான் தேடுகிறேன், ஆளை இல்லை,” என்றார்.

கேட்டிலிருந்து பாண்டியம்மாவை ஆபீஸ் வாசல் வழியாகவே கூட்டிவரச் சொன்னார். தொழிலாளர்கள் அந்த வாசலில் வருவது வழக்கமில்லை. நிவேதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜி.எம். எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று தமிழ் வார்த்தைகளில், “தப்பு ஆச்சு. வேலைக்குப் போங்க,” என்றார்.

பாண்டியம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நேராக வேலுச்சாமி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“நீங்கதான் என் பேரச் சொன்னீகளாண்ணே?”

“நல்லதாத்தான் ஆத்தா சொன்னேன்.”

“நல்லதச் சொல்லும்போது இன்னுங்கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்லண்ணே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சாப்பாட்டுப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஸ்டோரைப் பார்த்து நடந்தாள். இதையும் மொழிபெயர்க்க வேண்டுமா என்பதுபோல ஜி.எம். என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன்.

பெட்டி சில வாரம் கழித்துக் கிடைத்தது. ரிப்பேருக்காக எங்களுடைய இன்னொரு ஆலைக்கு அனுப்பிய ஒரு மெஷினின் பெட்டிக்குள், வைக்கோலுக்கு நடுவில் இருந்தது. லோடு ஏற்றியபோது அதுவும் அந்த மெஷினைச் சேர்ந்தது என்று எடுத்து வைத்திருக்கிறார்கள். திருட்டே நடக்கவில்லை. அந்த ஆலையிலிருந்து போன் வந்தபோது நான்தான் எடுத்தேன். ரிசீவரை வைத்துவிட்டு ஸ்டோருக்கு ஓடினேன். நடந்தே போயிருக்கலாம், ஆனால் கால் கேட்கவில்லை. வேலுச்சாமி அண்ணனும் பாண்டியம்மாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் அது எப்படிச் சரியானது என்று நான் கேட்கவில்லை. வேலுச்சாமி அண்ணன் ஓய்வு பெற்றபின் ஸ்டோர் கீப்பர் ஆனவள் பாண்டியம்மாதான்.

அந்தப் பெட்டி கிடைப்பதற்கு முன்பே பானர்ஜி சார் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் இது நடக்கக் கூடாது, என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் சொன்னதை அப்படியே நடைமுறையாக்கினார். யார் வாக்குமூலம் ஆங்கிலத்துக்குப் போனாலும், அந்த ஆங்கிலத்தை மறுபடி அவர் மொழியில் அவருக்கே வாயால் சொல்ல வேண்டும். அவர் கேட்டு, “ஆமா, நான் சொன்னது இதுதான்” என்ற பிறகுதான் கையெழுத்து. சொல்லிக் காட்டியவரும் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஒரு மொழிபெயர்ப்பாளர் பதவி வந்தது. பெயர்ப் பலகையில் என் பெயரைப் பார்த்த அன்று, என் வீட்டுக்காரர் மில் கேட்டு வரைக்கும் ஸ்கூட்டரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நிவேதாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவளை யாரும் திட்டவில்லை. அவளாகவே அதன் பிறகு வாக்குமூலம் எழுதும்போது பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தாள். எழுதுகிறவர் ஓர் ‘எல்லாம்’ விட்டாலும், “இருங்கண்ணே, அவர் சொன்னபடியே எழுதுங்க” என்று நிறுத்துவாள். டைம் ஆபீசில் அவளைக் கண்டால் கொஞ்சம் பயம்தான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். இப்போது எங்கள் மில்லில் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் கை மாட்டி விரலில் காயம். அவர் தன் மொழியில் சொன்னதை யாரோ போனில் பிடித்து ஆங்கிலமாக்கியிருந்தார்கள். பிழையே இல்லாத ஆங்கிலம். கவனக்குறைவாகக் கையை விட்டேன் என்று இருந்தது. அதில் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துக்காக என்னிடம் வந்தது.

நான் அதை எடுத்துக்கொண்டு பானர்ஜி சாரிடம் போனேன். “என்னால் இதில் கையெழுத்துப் போட முடியாது சார். அவர் பாஷை எனக்குத் தெரியாது.”

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, மில் ஜீப்பை அனுப்பிக் கூட்டிவரச் செய்தார். அவர் வரும்வரைக்கும் அந்த வாக்குமூலத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. கட்டுப் போட்ட கையோடு அந்தத் தொழிலாளி என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு டீ வந்தது. என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, சொல்ல எனக்கும் வழியில்லை. சும்மா ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

ஆள் வந்து இறங்கியதும், அந்தத் தொழிலாளி பேச ஆரம்பித்தார். நிறுத்தாமல் பேசினார். அத்தனை நாள் யாரிடமும் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. மெஷினின் மூடி ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்ததாம். பலமுறை சொல்லியும் அவர் சொன்னது இங்கே யாருக்கும் புரியவில்லையாம். ஜி.எம். அப்போதே மெயின்டெனன்ஸ் ஆளைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு நான் ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்கவில்லை. ஓட்டல்காரர் கையெழுத்துப் போட நான் பேனா கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் மில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது, சேர்ந்த நாளிலிருந்து அதுவரை அந்த மில்லில் நான் பார்த்த வேலையிலேயே அதுதான் நல்ல வேலை என்று எனக்குத் தோன்றியது.